காதைக் கேள்

கொல்கத்தாவில் நான் எட்டாம் வகுப்புப் பயின்றபோது, தந்தையார் ஒரு பழைய ஹவாயன் கிட்டாரை வாங்கி வந்தார். மலிவான கருவிதான். மரத்தில் கீறல்கள் இருந்தன, திருகுகள் தளர்ந்திருந்தன. ஆயினும் அதற்காக அவர் இரண்டு மாதங்கள் மிகைநேரப் பணி செய்தார் என்பதை நான் அறிவேன்.

இக்கருவி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் தோன்றியது. 1940களில் டாவ் மோ என்னும் கலைஞர் கொல்கத்தாவில் தங்கி இதனை வாசித்தார். பின்னர் வங்காளிகள் இரவீந்திர சங்கீதத்தையும் இதில் இசைத்தனர்.

கருவியை மடியில் கிடத்தி, வலக்கையால் தந்திகளை மீட்டி, இடக்கையிலுள்ள உருக்குக் கட்டையைத் தந்திகளின்மேல் நகர்த்த வேண்டும். வீணையில் உள்ளவை போன்ற மெட்டுகள் இதில் இல்லை. இடங்காட்டும் கோடுகள் மட்டுமே உண்டு. நான் கட்டையை அழுத்தினேன், கருவி கரகரத்தது. ஒரு வாரம் கழிந்தும் பாட்டு வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எண்ணினேன். தந்தையாரின் களைத்த முகத்தைக் கண்டு வாய் திறக்கவில்லை.

அடுத்த வீட்டு வங்காளப் பெரியவரை நான் ‘காக்கு’ என்று அழைப்பேன். அவர் என் கையைப் பிடித்துத் திருத்தினார். “அழுத்தாதே, தந்தியைத் தொட்டால் போதும். கோட்டுக்கு நேர்மேலே வை. பிறகு உன் காதைக் கேள்” என்றார்.

ஞாயிறுதோறும் கும்பகோணத்திலிருந்து பாட்டி தொலைபேசியில் பேசுவார். என் தமிழ் தடுமாறும். ஆதலால் நலம் கேட்டதும் பேச்சு முடிந்துவிடும். அன்று நான் பேசுவதற்கு மாறாக வாசித்துக் காட்டினேன்.

“அடடா! கோட்டுவாத்தியம் போல் இருக்கிறதே!” என்றார் பாட்டி. அதிலும் மெட்டுகள் இல்லை என்றும், கட்டையை நகர்த்தியே வாசிப்பர் என்றும், அருகிலுள்ள திருவிடைமருதூரைச் சேர்ந்த சகாராம ராவ் அதில் பெரும்புகழ் பெற்றவர் என்றும் கூறினார். பின்னர், “கண்ணா, அந்த மேல் ஸட்ஜம் சற்றுக் குறைகிறது. நூலளவு தள்ளு” என்றார்.

கட்டை பன்னிரண்டாம் கோட்டின்மேல் சரியாகவே இருந்தது. இருப்பினும் சிறிது தள்ளினேன். ஒலி இணைந்தது! தந்திகளைத் தாங்கும் குதிரை இடம்பெயர்ந்திருந்ததை மறுநாள் காக்கு கண்டறிந்தார். கோடு காட்டிய இடம் தவறு. பாட்டியின் காது சரி.

அன்று நாங்கள் அரைமணி நேரம் பேசினோம். என் தமிழ் இடையிடையே வழுக்கியது. பாட்டி அதையும் நூலளவு நூலளவாகத் திருத்தினார். நான் தொலைபேசியை வைக்க விரும்பவில்லை.

சொற்பொருள்
மெட்டு – சுரம் பிறக்கும் இடத்தைக் குறிக்கும் கட்டு
குதிரை – தந்திகளைத் தாங்கும் சிறு பாலம்
ஸட்ஜம் – ஏழு சுரங்களுள் முதலாவது

பயிற்சி
1. கோட்டுவாத்தியத்திற்கும் ஹவாயன் கிட்டாருக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. கட்டை கோட்டின்மேல் இருந்தும் ஒலி குறைந்தது ஏன்?
3. உங்கள் பேச்சைத் திருத்தும் உறவினர் ஒருவரைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.