மூலை மழுங்கிய அட்டைகள்

என் பாட்டனார் மட்டக்களப்பு வாவியோரத்திலே, வெள்ளைக்காரத் துரையொருவரின் தென்னந்தோட்டத்துப் பங்களாவில் குசினி வேலை செய்தவர். துரை புகைத்து முடித்த சிகரெட்டுப் பெட்டிகளைக் குப்பையிலே கொட்டுமுன் அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். உள்ளேயிருக்கும் சிறு பட அட்டையை மடியிலே செருகிக்கொண்டு, இரவு வீடு திரும்பியதும் பன்னிரண்டு வயது மகனிடம் கொடுப்பார். அந்த மகன்தான் என் தந்தை. ஆண்டு 1938.

மெல்லிய பெட்டி நசுங்காதிருக்க வைத்த வெற்று அட்டையிலே படமொன்றை அச்சிட்டால் விற்பனை பெருகும் என்பதைப் புகையிலை முதலாளிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கண்டுகொண்டார்கள். பிள்ளைகளின் ஆசையைக் கொண்டு தகப்பனின் சட்டைப்பையைத் திறக்கும் வித்தை அது. இங்கிலாந்தின் ஜோன் பிளேயர் கம்பெனி 1938இல் வெளியிட்ட கிரிக்கெட் வீரர் வரிசையில் 50 அட்டைகள். எங்கள் வீட்டுக்கு 31 வந்து சேர்ந்தன. மிகுதி எந்தத் துரையின் குப்பையிலே போயினவோ! 1940இல் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாடு அந்த வழக்கத்துக்கே முடிவு கட்டிவிட்டது.

அட்டைகளின் பின்புறம் பசை தடவப்பட்டிருந்தது. ஒரு பென்னிக்கு விற்கப்பட்ட ஆல்பத்தில் ஒட்டுவதற்காம். எங்கள் கரைக்கு ஆல்பம் வரவில்லை. பசை மட்டும் வந்தது. தந்தையும் தோழர்களும் அட்டைகளைச் சுவரோரம் வீசி விளையாடினார்கள். வென்றார்கள், தோற்றார்கள், மீண்டும் வென்றார்கள். எஞ்சியவை தகரப்பெட்டிக்குள் ஏறின. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு சூறாவளி எங்கள் கூரையைக் கொண்டுபோனபோது பெட்டிக்குள் நீர் புகுந்தது. முப்பத்தொரு வீரர்களும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டார்கள். அரிசிப் பானையின் ஆவியிலே காட்டிக் காட்டி, தந்தை அவர்களை ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்தார். கூரையில்லாத வீட்டில் மனிதர் செய்கிற வேலையா இது என்று அம்மா ஏசியது இன்றும் என் காதில் நிற்கிறது.

டொரொன்டோவிலிருக்கும் மருமகன் சென்ற ஆண்டு இவற்றின் படங்களைக் கேட்டு வாங்கினான். “மாமா, இவற்றுக்குத் தரம் போடுகிறார்கள்” என்றான். அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்னும் நிறுவனம் ஒன்று முதல் பத்து வரை புள்ளியிட்டு, அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டுத் தருகிறது. மூலைகள் கூராயிருக்க வேண்டும், விளிம்பு சிதையக்கூடாது, மேற்பரப்பில் கீறல் ஆகாது, படம் நடுவே அமைய வேண்டும். பத்துப் புள்ளிக்கு முன்பக்க ஓரங்கள் ஏறத்தாழ 55க்கு 45 என்ற அளவைத் தாண்டலாகாது. ஒன்பதுக்கும் பத்துக்குமிடையிலே விலை பன்மடங்காகிறது. 1952இல் அச்சான மிக்கி மான்டில் என்ற பேஸ்போல் வீரரின் அட்டை, வேறொரு நிறுவனத்திடம் 9.5 புள்ளி பெற்று, 2022இல் 1 கோடி 26 லட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

நான் யோசித்தேன். எந்தக் குழந்தையின் கையும் படாத அட்டைக்கே பத்து. இழுப்பறையுள்ள வீட்டிலே, இடம்பெயராத குடும்பத்திலே, மழையொழுகாத கூரையின்கீழ்க் கிடந்த அட்டைக்கே பத்து. விளையாடப்பட்டது என்பதே குற்றமாகிவிடுகிற கணக்கு இது.

அந்தக் கணக்கிலும் கள்ளமுண்டு. ஹோனஸ் வாக்னர் சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்திலே வேலைசெய்து, பின்பு பேஸ்போலில் புகழ்பெற்றவர். 1909ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த அவருடைய சிகரெட்டு அட்டை மிக அரியது. பிள்ளைகளைப் புகையிலைப் பக்கம் இழுக்கத் தம் படம் உதவக்கூடாது என்று அவர் தடுத்ததாகச் சொல்வோருண்டு. அந்த அட்டைகளுள் ஒன்றே பி.எஸ்.ஏ. முதன்முதலில் தரமிட்டது, எட்டுப் புள்ளி கொடுத்தது. 2007இல் அது 28 லட்சம் டொலருக்கு விற்பனையாயிற்று. அதன் ஓரங்களை வெட்டிச் சீராக்கியவன் நானே என்று பில் மாஸ்ட்ரோ என்ற ஏல வியாபாரி 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

பிறரைச் சொல்ல எனக்கு என்ன தகுதி?

எங்கள் ஹட்டன் அட்டையின் மேல்மூலையில் தந்தையின் பென்சில் எழுத்து இருந்தது: 364. 1938 ஆகஸ்டில் ஓவல் மைதானத்திலே ஹட்டன் எடுத்த ஓட்டங்கள். துரை வாசித்து எறிந்த பத்திரிகையிலே எழுத்துக்கூட்டி அறிந்து, தம் கையால் குறித்துவைத்தாராம். கிரிக்கெட் ஆட்டத்தை அன்றுவரை அவர் கண்ணாற் கண்டதில்லை! அட்டையிலே எழுத்திருந்தால் தரம் இறங்கும். “பென்சில்தானே, மெல்ல அழித்தால் யார் காணப்போகிறார்கள்?” என்றார் பழம்பொருள் வாங்குகிற ஒருவர். பேத்தியின் படிப்புச் செலவு அந்நாளில் என் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. முப்பதாண்டுகள் வகுப்பறையில் நின்று உழைப்பின் பெருமை பேசியவன், ஓர் இரவு கதவைச் சாத்திக்கொண்டு இறப்பரை எடுத்தேன்.

நாலு மறைந்தது. அந்த இடத்துப் பளபளப்பும் கூடவே போயிற்று. விளக்கைச் சரித்துப் பிடித்தபோது வெண்மையான தழும்பொன்று தெரிந்தது. அதைக் கண்டுபிடிக்க அமெரிக்க நிபுணரின் உருப்பெருக்கிக் கண்ணாடி தேவையில்லை.

அனுப்பவில்லை என்று மருமகனுக்கு எழுதினேன், காரணம் எழுதவில்லை. அட்டைகள் தகரப்பெட்டிக்கே திரும்பின. சென்ற வாரம் பேத்தி அதைத் திறந்து, ஹட்டனைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, “அப்பப்பா, இந்த ஆள் முப்பத்தாறு ஓட்டந்தான் எடுத்தவரோ?” என்று கேட்டாள்.