குப்பி விளக்கில் கண்ட வெள்ளை

என் மகன் பிறந்தது 2012 தை மாதத்தில். நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் மீளக்குடியமர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தகரக் கொட்டிலில் இருந்தோம். எங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் வரவில்லை. இரவில் பால் கொடுப்பதெல்லாம் குப்பி விளக்கு வெளிச்சத்தில்தான்.

பிள்ளைக்கு ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் இரவு பால் குடித்து முடித்து விளக்குப் பக்கம் திரும்பினான். இடது கண்மணி கறுப்பாக இருந்தது. வலது கண்மணிக்குள் சாம்பல் கலந்த வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தலையை அசைத்ததும் மறைந்துவிட்டது.

மாமியிடம் சொன்னேன். "விளக்கு வெளிச்சம் பட்டிருக்கும் பிள்ளை. பச்சைப் பிள்ளையின்ர கண்ணை உப்பிடி உத்துப் பாக்காதை" என்றார். என் கணவர் 2009இல் மாத்தளனில் ஷெல் துண்டு பட்டு ஒரு கண்ணை இழந்தவர். அவரிடம் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு கண்ணோடை நான் வாழேல்லையே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அது கோபமில்லை, பயம் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இரண்டாம் மாதத்தில் அந்தக் கண் சற்று உள்ளே இழுக்கத் தொடங்கியது. "வாக்குக்கண் அதிஷ்டம்" என்றார் ஒருவர். "தேப்பன்ர கண்தான் பிள்ளைக்கும் வந்திருக்கு" என்றார் இன்னொருவர். "கிரகணத்திலை வெளியிலை போனனியோ?" என்றும் கேட்டார்கள். நான் இரவில் படுத்திருந்து நாட்களை எண்ணிப் பார்ப்பேன். தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்றார்கள். அதையும் விட்டேன்.

இரண்டாம் மாத ஊசி போடக் கிளினிக்குக்குப் போனபோது சொல்லியிருக்கலாம். நல்ல சனம். எல்லோருக்கும் முன்னால் பிள்ளையின் கண்ணைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு சுடும்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் குளிக்க வார்த்துவிட்டுத் தலை துடைத்தேன். துவாயின் நுனி இடது கண்ணை மூடியதும் வீரிட்டு அழுதான். எடுத்ததும் நிறுத்திவிட்டான். வலது கண்ணைக் கையால் மறைத்துப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். திரும்ப இடதை மறைத்தேன். அழுதான். மூன்று முறை செய்து பார்த்தேன். எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. வலது கண்ணால் என் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். கதவைச் சாத்தச் சொல்லி, டோர்ச் லைற்றை அடித்துப் பார்த்தார்.

"இதை நீங்கள் எப்ப கண்டனீங்கள் தங்கச்சி?"

"ஒரு மாதத்திலை."

அவர் ஏசவில்லை. கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கினார். பிள்ளையின் பார்வையைப் பற்றித் தாய் பார்க்கவேண்டிய கேள்விகள் அதிலேயே இருந்தன. நான் நிறையை மட்டுந்தான் பார்த்து வந்திருக்கிறேன். "நாளைக்கே போகவேணும்" என்று சொல்லிக் கடிதம் எழுதித் தந்தார்.

யாழ்ப்பாணத்தில் கண் வைத்திய நிபுணர் கண்மணி விரியத் துளி மருந்து விட்டுப் பார்த்தார். இப்படி வெள்ளையாகத் தெரிவது விழித்திரையில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று ஸ்கான் எடுக்கச் சொன்னார். முடிவு வரும்வரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. புற்றுநோய் இல்லை. பிறவியிலேயே வந்த கண்புரை.

வயது போனவர்களுக்குத்தானே புரை வரும் என்று கேட்டேன். பரம்பரையாலும், கர்ப்பகாலத்தில் தாய்க்கு ஜேர்மன் சின்னமுத்து வந்தாலும் சிசுவுக்குப் புரை வரலாம், ஒரு கண்ணில் மட்டும் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை என்றார். தகப்பனின் ஷெல் காயம் பிள்ளைக்கு வராது, கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் சொன்னார். என் கணவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

வைத்தியர் இன்னொன்றும் சொன்னார். பார்ப்பது கண் மட்டுமல்ல, மூளையும்தான். பிறந்த முதல் மாதங்களில் கண்ணுக்குள் வெளிச்சமும் உருவமும் போனால்தான் மூளை பார்க்கப் பழகும். ஒரு கண் அடர்த்தியாக மறைந்திருந்தால் முதல் 6 முதல் 8 கிழமைகளுக்குள் சத்திரசிகிச்சை செய்வதே நல்லது. நாங்கள் பிந்திவிட்டோம். ஆனாலும் விடக்கூடாது என்று கொழும்புக்கு அனுப்பினார்.

தோட்டை அடகு வைத்து பஸ் ஏறினோம். சிகிச்சை இலவசம், செலவு வழிப்பயணத்துக்குத்தான். மயக்க மருந்து கொடுப்பதற்கு 4 மணித்தியாலத்துக்கு முன்பே தாய்ப்பாலை நிறுத்த வேண்டும். என் மடியில் இருந்தால் பால் மணத்துக்கு அழுதான். பக்கத்துக் கட்டில் தாய் அநுராதபுரத்தைச் சேர்ந்தவர். எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி, கூப்பிடும் வரை விறாந்தையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

சத்திரசிகிச்சையோடு முடிந்துவிடவில்லை. புரை எடுத்த கண்ணுக்குத் தடித்த கண்ணாடி போட வேண்டும். அந்தக் கண் வேலை செய்வதற்காக, வைத்தியர் சொன்ன நேரத்துக்கு நல்ல கண்ணை ஒட்டி மறைக்க வேண்டும். பிள்ளை பிய்த்து எறிவான், கத்துவான். "ஒரு கண்ணோடை வாழேல்லையே" என்று சொன்ன அதே மனிதர்தான் நாள்தோறும் அவனோடு இருந்து, நிறப் பந்தை உருட்டி உருட்டி விளையாட்டுக் காட்டினார். வருடக்கணக்காகச் செய்தோம்.

இன்று மகன் பெரிய வகுப்பில் படிக்கிறான். வலது கண்ணால் ஆட்களை அடையாளம் காண்பான், பெரிய எழுத்துகளைக் கிட்ட வைத்து வாசிப்பான். இடது கண்போல அது வராது. இரண்டு மாதம் முந்தியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமோ என்ற கேள்வி என்னோடுதான் இருக்கிறது.

அன்பான தாய்மாரே, பிள்ளையின் முகத்தை நம்மைப்போல நெருங்கிப் பார்ப்பவர் வேறு யாருமில்லை. கண்மணியில் வெள்ளை தெரிந்தால், பளிச்சென்று வெளிச்சம் அடித்து எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தால், ஒரு நாளும் பிந்த வேண்டாம். மூன்று மாதமாகியும் முகத்தைப் பார்க்காவிட்டாலும், நான்கு மாதத்துக்குப் பிறகும் கண் இழுத்தாலும், கண்கள் ஓயாமல் ஆடினாலும் கிளினிக்கில் சொல்லுங்கள். கண்ணுக்குள் பாலோ பூச்சாறோ விடாதீர்கள். ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொன்னால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம். நமக்குப் பஸ் காசுதான் நட்டம்.

நான் கண்டது சரிதான். என் கண்ணை நான் நம்பாததுதான் பிழை.