எண் போட்டுப் பிரித்த வீடு

கெலமங்கலத்தில் எங்கள் தெருவில் மிச்சமிருந்த இரண்டு நாட்டு ஓட்டு வீடுகளில் ஒன்றைப் போன தை மாதம் இடித்தார்கள். காலையில் ஜேசிபி வந்தது. மதியத்துக்குள் தூணும் உத்திரமும் லாரியில் ஏறிவிட்டன. பக்கத்து வீட்டு ஆச்சாரி தாத்தா மண்மேட்டிலிருந்து ஒரு தூணின் தலைத்துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுபது தாண்டியவர், மாட்டு வண்டியும் நிலைக்கதவும் செய்த கை.

"கழுந்து முறிஞ்சிருக்கு பாரு தம்பி. கழட்டியிருந்தா முழுசா வந்திருக்கும்" என்றார்.

இன்னொரு மரத்தின் துளைக்குள் புகும் முனைதான் கழுந்து. அந்தப் பேச்சு என்னை விடவில்லை. மாசியில் அவரை முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். ஓசூர் வந்து, அங்கிருந்து இரவு பஸ்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பத்து ஏக்கர் தோப்பு. மர நிழலில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று நான்கு பக்கத்து வீடுகளும் நிற்கின்றன. டெபோரா தியாகராஜன் 1984ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் 1996 டிசம்பரில் இதைத் திறந்தது. கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் வரைந்து கொடுத்ததை, அவரிடம் தொழில் பழகிய பென்னி குரியாகோஸ் தொடர்ந்து கட்டினார். இடிப்பதற்கென்று உரிமையாளர்கள் ஒதுக்கிய பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, லாரியில் கொண்டுவந்து, அந்தந்த ஊர் ஆச்சாரிகளை வைத்தே மறுபடி பூட்டியிருக்கிறார்கள்.

தாத்தா செட்டிநாட்டு வீட்டில் அதிக நேரம் நிற்கவில்லை. கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவ வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். 1850ல் கட்டிய மரவீடு. உள்ளே நெல் கொட்டும் அறை இருக்கிறது. எங்கள் பக்கம் முன்பு ராகியைக் குழியில் கொட்டி மண்ணால் மூடுவார்கள். ஓயாத மழை பெய்யும் சீமையில் நெல்லை மண்ணுக்கு மேலே, பலகைக்குள்தான் வைக்க முடியும். தானியத்தை ஈரத்திலிருந்து காப்பாற்றும் கவலையே அந்த வீட்டுக்கு உருவம் கொடுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

தாத்தாவின் கண் கூரையில் இருந்தது. கேரளத்து ஆச்சாரிமார் கைமரத்தைக் கழுக்கோல் என்பார்கள். கழுக்கோல்களில் துளை போட்டு, வளை என்ற நீளச் சட்டத்தை ஊடே செலுத்தி, எல்லாவற்றையும் ஒரே கட்டாக இறுக்குவது அவர்கள் முறை. பலகையும் சட்டமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பிடித்துக்கொள்ளும். ஆணியை நம்பிய வேலை இல்லை. ஆணி அடித்த மரத்தைப் பிடுங்கினால் பிளக்கும். பூட்டிய மரத்தை, பூட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் கழற்றலாம்.

"வரிசை தப்பினா ஒரு சட்டம்கூட வராது" என்றார் தாத்தா. அதற்காகத்தான் குறி. கூரையைத் தரையில் ஒருமுறை கோத்துப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு மரத்திலும் உளியால் ஒரே மாதிரி கீறுவாராம். முதல் மூட்டுக்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு இரண்டு. பெயின்ட் அழியும், உளி வெட்டு அழியாது. பழைய மளிகைக் கடைகளின் கதவுப் பலகைகளில் 1, 2, 3 என்று எழுதியிருக்குமே, அதே புத்திதான்.

இப்படி வீட்டைக் கழற்றிப் பூட்டுவது உலகத்துக்கும் புதிதல்ல. ஸ்வீடனில் ஆர்தர் ஹசேலியஸ் 1891ல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தபோது கிராமத்து மரவீடுகளை இப்படித்தான் பெயர்த்துக் கொண்டுவந்தார். வட அமெரிக்காவில் குடியேறிகளின் பழைய உருட்டுமர வீடுகளும் பல பூங்காக்களில் இப்படி வந்து நிற்கின்றன. உருட்டுமரமானால் மூலைக்கு மூலை வெட்டுவாய்தான் பூட்டு.

அந்தப் புதுப்பள்ளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உறைத்தது இதுதான். வீடு கட்டத் தெரிந்தவரை நாம் மதிக்கிறோம். கழற்றத் தெரிந்தவருக்குக் கூலி கொடுக்க நினைப்பதே இல்லை. இடிப்பு கான்ட்ராக்டில் ஆச்சாரிக்கு இடம் கிடையாது. ஒரு ஆச்சாரிக்கு ஒரு வாரக் கூலி கொடுத்திருந்தால் எங்கள் தெருவின் அந்தத் தூண்கள் இன்னொரு வீட்டைத் தாங்கியிருக்கும். அவை எந்த அடுப்பில் எரிந்தனவோ. இதைச் சாதாரண நஷ்டமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் தாத்தா என் நோட்டையும் பேனாவையும் வாங்கிக்கொண்டார். எங்கள் தெருவில் இன்னும் நிற்கிற அந்த ஒரு வீட்டைக் கழற்றும் வரிசையை எழுதினார். முதலில் ஓடு. பிறகு ரீப்பர், கைமரம், மோட்டுவளை, உத்திரம். கடைசியில் தூண். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை ஆள் வேண்டும் என்று குறித்தார். மோட்டுவளைக்கு எதிரே 4 என்று போட்டவர், பேனாவை மூடினார்.

"மேல ஏறி வேலை தெரிஞ்சவங்க நாலு பேர் வேணும். நம்ம ஊர்ல இப்ப யார் இருக்காங்க, தம்பி?"

நான் பெயர்களை யோசித்துக்கொண்டே வந்தேன். கிருஷ்ணகிரி வருவதற்குள் இரண்டுதான் கிடைத்தன. அதில் ஒன்று அவருடையது.