வெட்கத்தால் நான் இழந்தது



நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே பள்ளியை விட்டவன். பார்க் றோயலில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். ஹரோவில் குடியிருக்கிறோம். இதை எழுதக் கூச்சம்தான். ஆனாலும் ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது எனக்கு ஆறு வயது. அதன்பின் ஒருநாள் குளிப்பாட்டும்போது ஒரு பக்க விதை பையில் இல்லை என்று அம்மா கண்டார். "முந்தி இருந்ததுதானே, வளர வளர இறங்கும்" என்றார் அம்மம்மா. உயிரைக் காப்பாற்ற ஓடிய காலம். யாரிடம் காட்டுவது? பெரியவனான பிறகு நானே மறைத்துவிட்டேன். கலியாணம் முடித்தும் சொல்லவில்லை.

இங்கே வந்தபின் பாரம் தூக்கும்போதெல்லாம் கவட்டில் நோவு. டொக்டரிடம் வயிற்றுநோ என்றுதான் சொன்னேன். இரண்டாம் முறை தொலைபேசியில் வந்த மொழிபெயர்ப்பாளர், "அண்ணா, எனக்கு வெட்கப்படாதேங்கோ, உள்ளதைச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். ஸ்கான் எடுத்தார்கள். மேலே நின்ற விதை சுருங்கிப்போயிருந்தது. விதைக்கு உடம்புச் சூட்டைவிடச் சில பாகை குறைந்த சூடு வேண்டுமாம். அதற்காகத்தான் வெளியே பையில் இருக்கிறது. மேலேயே நின்றால் வித்துச் சக்தி குறையும், பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். அதை வெட்டி எடுத்தார்கள். மற்றது நல்லாயிருந்தபடியால் எனக்கு ஒரு மகன் இருக்கிறான்.

அவனுக்கும் விதை சிலவேளை மேலே ஏறுவதை மனைவி கண்டு பதறினாள். உடனே கூட்டிச் சென்றோம். டொக்டர் பார்த்துவிட்டு விளக்கினார். குளிருக்கும் பயத்துக்கும் ஒரு தசை விதையை மேலே இழுக்கும். இளஞ்சூட்டு நீரில் குளிக்கும்போது தானாக இறங்கிப் பையில் நின்றால் பயமில்லை. பெரும்பாலும் பருவ வயதில் சரியாகிவிடும். ஆனால் சிலருக்கு, பிள்ளை வளர, விதையைத் தாங்கும் நாண் அதற்கேற்ப நீளாததால், இறங்கியிருந்த விதையே மேலேறி அங்கேயே நின்றுவிடும். எனக்கு நடந்தது அதுதான். ஆகவே வருடத்துக்கு ஒரு முறை காட்டச் சொன்னார். ஏறி நின்றுவிட்டால் சிறிய சத்திரசிகிச்சையில் இறக்கித் தைத்துவிடுவார்கள். அநேகமாக அன்றே வீடு திரும்பலாம்.

இந்நாட்டில் பிறந்து 72 மணித்தியாலத்துக்குள்ளும், 6 முதல் 8 வாரத்திலும் குழந்தையைச் சோதிப்பார்கள். ஆனால் பிறகு மேலேறுவதை அந்தச் சோதனை காட்டாது. பெற்றோர்தான் கவனிக்க வேண்டும். ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம்.

இன்னொன்று: விதையில் திடீரென்று கடும் நோ வந்தால் காலைவரை காத்திராதீர்கள். விதை முறுகியிருக்கலாம். ஆறு மணித்தியாலத்துக்குள் பார்த்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999 அழையுங்கள்.

ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், காசு இல்லை. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

என் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவவுக்கு அன்று வழியிருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது.