என் ஓட்டு ரஹானேவுக்கு

சூளகிரி கம்பெனி பஸ்ஸில் சிறந்த கிரிக்கெட் கேப்டன் யார் என்ற பேச்சு கிளம்பினால் ஓசூர் வரும்வரை ஓயாது. நம்ம பசங்களுக்கு தோனி. கர்நாடகா பக்கத்து ஆட்களுக்குக் கும்ப்ளே, டிராவிட், ஆர்சிபி பாசத்தில் கோலி. நான் அஜிங்க்ய ரஹானே என்றால் சிரிக்கிறார்கள்.

2020 டிசம்பர், ஆஸ்திரேலியத் தொடர். அடிலெய்டு டெஸ்டில் 36 ரன்னுக்குச் சுருண்டோம். குழந்தை பிறக்கப்போவதால் கோலி ஊர் திரும்பினார். ஷமிக்குக் கையில் எலும்பு முறிவு. மெல்போர்னில் கேப்டன் பொறுப்பேற்ற ரஹானே 112-ல் நிற்கிறார், ஜடேஜா 49-ல். அரைசதத்துக்கான ஒரு ரன்னுக்கு ஜடேஜா அழைக்க, ரஹானே ரன் அவுட். நம்ம ஏரிக்கரை மேட்சாக இருந்தால் மட்டை பறந்திருக்கும். அவரோ ஜடேஜாவைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். அந்த டெஸ்டை 8 விக்கெட்டில் ஜெயித்தோம்.

பிரிஸ்பேன் போவதற்குள் பும்ரா, அஸ்வின், ஜடேஜா எல்லோருக்கும் காயம். நெட் பவுலராகப் போன சின்னப்பம்பட்டி நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் அங்கேதான் டெஸ்டில் அறிமுகம். முதல் இன்னிங்ஸிலேயே ஆளுக்கு 3 விக்கெட்! 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத காபாவில் 328-ஐ விரட்டி ஜெயித்தோம். தொடரை வென்று வாங்கிய கோப்பையை ரஹானே நடராஜன் கையில் கொடுத்தார். 100-வது டெஸ்ட் ஆடிய எதிரணி நேதன் லயனுக்கு, நம் வீரர்கள் கையெழுத்திட்ட ஜெர்சி.

அடுத்த தொடரில் அவர் மறுபடி துணைக் கேப்டன். தலைமை தாங்கியது மொத்தமே 6 டெஸ்ட். 4 வெற்றி, 2 டிரா. இதை வைத்துப் பெரிய கேப்டன் என்று சொல்ல முடியுமா என்பது நியாயமான கேள்விதான். எனக்கு அந்த ஆறு போதும்.