ஒளி புகும் கல்

சென்னையை அடுத்த பரங்கிமலையின் கல் கருமையானது. புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு இருக்கும். அதனூடே ஒளி புகும் என்றால் எவரும் நம்பத் தயங்குவர். ஆயினும் 0.03 மில்லிமீட்டர் கனத்திற்கு, அதாவது தலைமுடியின் பாதிக்கும் குறைவாக, அதைத் தேய்த்துவிட்டால் கண்ணாடி போல ஒளியைத் தன்னுள் விடுகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1849ஆம் ஆண்டில் இத்தகைய பாறைச் சீவலைச் செய்தபோது, மலையை அறிய நுண்ணோக்கியா என்று நகைத்தோர் உண்டு. இன்று சீவலைக் காணாமல் பாறைக்குப் பெயர் சூட்ட எந்த அறிஞரும் துணிவதில்லை.

சீவல் செய்பவர் முதலில் வைரத்துகள் பதித்த அறுவைச் சக்கரத்தில் கல்லைச் சிறு வில்லையாக அறுக்கிறார். பின்னர் கண்ணாடிப் பலகையில் கார்போரண்டம் தூளை நீரில் குழைத்து, வில்லையின் ஒரு முகத்தைத் தேய்க்கிறார். பருந்தூளிலிருந்து நுண்தூளுக்கு மாறும்போதெல்லாம் கையையும் கல்லையும் பலகையையும் கழுவ வேண்டும். முந்தைய தூளின் ஒரே ஒரு மணி எஞ்சினாலும் போதும். வழவழப்பான முகத்தில் நெடிய கீறல் விழும். கழுவுவதில் சலிப்படைபவருக்கு இவ்வேலை ஒத்துவராது. வழவழப்பான முகத்தைக் கண்ணாடிச் சில்லில் பிசினிட்டு ஒட்டுகிறார். முன்னாளில் கனடா பால்சம் எனும் மரப்பிசின் பயன்பட்டது, இப்போது எப்பாக்சி. இடையில் காற்றுக்குமிழி சிக்கினால் அவ்விடத்தில் கல் பெயர்ந்து போகும்.

இனி மறுமுகம். எஞ்சிய கனத்தை அறுத்து நீக்கி மீண்டும் தேய்க்கிறார். வில்லையின் பெரும்பகுதி சேறாகிக் கழுவுநீரோடு போய்விடுகிறது. எந்திரங்கள் வந்துவிட்ட பின்னும் பல ஆய்வகங்களில் இறுதித் தேய்ப்பு விரல்நுனிக்கே உரியது. விரல் ஒருபுறம் சற்று அழுத்தினாலும் அவ்விளிம்பு மெலிந்து மறையும். எனவே நொடிக்கொருமுறை சீவலை எடுத்து, குறுக்கே வைத்த இரு முனைவாக்கிகளுக்கிடையே பார்க்கிறார். குவார்ட்சு படிகம் அவருக்கு அளவுகோல்: கனம் மிகுந்திருந்தால் அது சிவப்பாகவும் மஞ்சளாகவும் ஒளிரும், சரியான கனத்தில் சாம்பல் வெண்மைக்கு வரும். மஞ்சள் மங்கும்போது கை தயங்க வேண்டும். இன்னும் நான்கு தேய்ப்பா, இரண்டா? தொலைவான மலையிலிருந்து கொண்டுவந்த ஒரே துண்டாயின், மிகையான ஒரு தேய்ப்பில் அப்பயணமே வீணாகும். தேய்ந்ததை மீட்க வழியில்லை.

கொல்கத்தாவின் புனித யோவான் ஆலயத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடப்பதும் சென்னைப் பக்கத்துக் கல்லே. அதை ஆராய்ந்த தாமஸ் ஹென்றி ஹாலந்து 1893இல் அவ்வினப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். கல்லறைக்குரியவர் பெயர் பாறைக்கு வந்தது. சீவல் தேய்ப்போர் பெயர்களோ ஆய்வேடுகளில் அரிதாகவே காணப்படும்.

தேய்ப்பு முடிந்ததும் அவர் சீவலைக் கழுவி உலர்த்தி, மேலே மெல்லிய கண்ணாடி மூடியை ஒட்டி, ஓரத்தில் வைரமுனையால் எண்ணைக் கீறுகிறார். ஒற்றை முனைவாக்கியுடன் நுண்ணோக்கியின் வட்டமேடையில் வைத்துச் சுழற்றுகிறார். அந்தக் கருங்கல்லினுள் ஹைப்பர்ஸ்தீன் மணிகள் இளஞ்சிவப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறி மீண்டும் சிவக்கின்றன. அடுத்த கல் அறுவைச் சக்கரத்தருகே காத்திருக்கிறது.