பேத்தியும் யாளியும்

சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தி ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். சிங்க உடல், பிதுங்கிய கண்கள், சுருண்ட பிடரி. "தாத்தா, இந்த டிராகன் எந்த ஊரது?" என்று கேட்டாள். தில்லியில் பிறந்து தில்லியிலேயே வளர்பவள் அவள். எனினும் எனக்குச் சினம் வந்துவிட்டது. "மதுரைக் குடும்பத்துப் பெண் யாளியை டிராகன் என்பதா?" என்று கடிந்துகொண்டேன். அவள் முகம் வாடிற்று. சிறிது நேரங்கழித்து, "அப்படியானால் நீங்கள் வரைந்து கொடுங்கள், நான் வண்ணம் தீட்டுகிறேன்" என்றாள்.

பென்சிலைக் கையில் எடுத்த பிறகே என் நிலை எனக்கு விளங்கிற்று. மீனாட்சியம்மன் கோயில் கிளிக்கூட்டு மண்டபத்தில், யாளித் தூண்களினிடையே ஓடி விளையாடியவன் நான். யானையையும் கொல்லும் இவ்விலங்கைச் சங்க நூல்கள் ஆளி என்று கூறுவதைப் பலருக்கும் எடுத்துரைத்தவன். ஆயினும் அதன் கால் எவ்வாறு மடங்கும், வாய் எவ்வளவு திறந்திருக்கும் என்பவை என் கைக்கு வரவில்லை. நான் வரைந்தது பூனையைப் போலிருந்தது. பேத்தி சிரிக்கவில்லை. அதுவே எனக்கு மிகுந்த நாணத்தைத் தந்தது.

பல ஊர் யாளிகளின் படங்கள் கிடைத்தன. நான் தேடியதோ எங்கள் மண்டபத்து யாளியை. மதுரையிலிருக்கும் என் தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். "கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது, தம்பி. வெள்ளிக்கிழமை போவேன், கண்ணால் பார்த்துவந்து சொல்கிறேன்" என்றார்.

அதற்குள் நாங்கள் வேலையைத் தொடங்கினோம். பேத்தி வாங்கி வைத்திருந்தது அக்ரிலிக் வண்ணம். ஈரமாயிருக்கும்போது நீரில் கரையும்; உலர்ந்தபின் நீருக்கு அசையாது. ஆகவே, அடியிலுள்ள வண்ணம் கலையாமல் அதன்மேல் அடுத்த படலத்தைத் தீட்டலாம். மரப்பலகையில் வெள்ளைப் பூச்சை இருமுறை பூசினோம். பிடரியும் தசையும் புடைத்து நிற்பதற்காக, பளிங்குத் தூள் கலந்த பசையைச் சிறு கத்தியால் அப்பினோம். பழைய சீப்பால் கீறிப் பிடரிச் சுருள்களை அமைத்தாள் பேத்தி. மறுநாள் காலையில் பார்த்தால் பசை முழுதும் வெடித்திருந்தது. தில்லியின் மே மாத வெப்பத்தில் மேற்புறம் விரைந்து உலர்ந்து இறுகிவிட்டது. உட்புறம் உலர்ந்து சுருங்கியபோது பிளந்துவிட்டது. அவசரப்பட்டுத் தடிமனாக அப்பச் சொன்னவன் நான்தான். சுரண்டியெடுத்துவிட்டு, மெல்லிய படலங்களாக, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாகத் திரும்பவும் இட்டோம்.

வெள்ளியிரவு தமக்கையார் அழைத்தார். காலையும் நகத்தையும் பற்றி விரிவாகச் சொன்னபின், "வாயிலே கல்லுருண்டை போட்டாயா?" என்று கேட்டார். நான் வாயடைத்துப்போனேன். "மறந்துவிட்டாயா? வாயையும் உருண்டையையும் ஒரே கல்லில் குடைந்திருக்கிறார்களே! உள்ளே உருளும், வெளியே வராது. அம்மா உன்னைத் தூக்கிப்பிடித்து அதை உருட்டச் செய்வார்கள். யாளி கடித்துவிடும் என்று நீ அழுவாய்" என்றார். அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பேத்தி, என் கையை மெல்லப் பற்றிக்கொண்டாள்.

உருண்டையை அவளே பசையில் திரட்டி வைத்தாள். பழுப்பும் நீலமும் கலந்த கருமையைப் பள்ளங்களிலெல்லாம் செலுத்தினோம். அது உலர்ந்ததும் கல்லின் சாம்பல் நிறம். பிறகு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் வெளிறிய நிறம். இறுதியாக நீர்த்த மஞ்சளை மெல்லப் படரவிட்டோம். விளக்கொளி படிந்த கருங்கல் போலாயிற்று. உருண்டையைச் சுற்றிக் கருமை மிகுந்திருந்ததால், தொட்டால் உருளும் போலவே தோன்றியது.

அவள் பெயரை அறியாதிருந்தாள். நான் பொருளையே மறந்திருந்தேன். இவ்விருவருள் கடிந்துகொள்ளப்பட வேண்டியவர் யார்? வெளியூரில் வாழும் நாம், பிள்ளைகளுக்குத் தெரியவில்லையே என்று அடிக்கடி வருந்துகிறோம். நமக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்பதையும் ஒருமுறை வரைந்து பார்ப்பது நல்லது. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தமக்கைமார் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

இப்போது அப்படம் எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது. இடது முன்காலின் நகங்கள் சரிதானா என்ற ஐயம் மட்டும் எங்களுக்குத் தீரவில்லை. வரும் டிசம்பரில் இருவரும் மதுரைக்குச் சென்று பார்க்க இருக்கிறோம்.